மெல்ரொனின் எட்டுக் கடிதங்கள்

பதினொரு வருடத்தில் நான் வேலைக்கு ஒருநாள்கூடப் பிந்திப் போனதில்லை. பரந்தனில் இருந்து கிளிநொச்சிக்குச் சைக்கிளில் வருகிறவன் பஸ்ஸின் தலையில் பழியைப் போட முடியாது, அவ்வளவுதான். அலுவலகத்தின் யன்னல்களைத் திறப்பதும் நான், தேத்தண்ணிக் கேத்தலில் தண்ணீர் நிறைப்பதும் நான். இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், ஐயா, உங்கள் விசாரணை அறிக்கையில் என்னைச் சோம்பேறி என்றோ பொறுப்பில்லாதவன் என்றோ எழுதிவிடக் கூடாது. நடந்தது முழுவதும் பொறுப்பினால் நடந்தது.

பெயர் றொனால்ட், வயது முப்பத்தொன்பது, பிறந்தது முல்லைத்தீவுக் கரையில். எங்கள் பக்கத்து இளைஞர்கள் தூரக் கடலில் ஓடும் வெளிநாட்டு மீன்பிடிக் கப்பல்களுக்குப் போகத் தொடங்கிய பிறகு, அவர்களின் குடும்பங்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதன் மின்னஞ்சல் சேர்வர்களுக்கு நான் பொறுப்பு. தலைமை அலுவலகம் கிளிநொச்சியில், கிளை முள்ளியவளையில். எங்கள் இயக்குநர் சுதாகரன் ஐயா. கிளையில் டக்சாயினி என்ற பிள்ளை வேலை செய்கிறாள். என்மேல் முறைப்பாடு எழுதியவள் அவள்தான். நல்ல பிள்ளை, அவளைப் பற்றி என்னிடம் ஒரு குறையும் இல்லை.

அந்தக் கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. பிடித்ததைக் கடலில் வைத்தே வேறு கப்பலில் ஏற்றிவிட்டு, ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று அங்கேயே நிற்கும். கைத்தொலைபேசி அங்கே வெறும் கண்ணாடித் துண்டு. கப்டனின் அறையில் செய்மதி வழியாக மின்னஞ்சல் போகும் ஒரு கணினி இருக்கும். எப்போதாவது ஆளுக்கு அரைப் பக்கம் எழுத விடுவார்கள். அதில் தமிழ் எழுத்து இல்லாததால் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புவார்கள். நான் அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றுவேன். டக்சாயினி அச்சடித்து ஸ்கூட்டியில் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். வீட்டுக்காரர் கையால் எழுதும் பதிலைப் படமெடுத்து எனக்கு அனுப்புவாள். நான் ஆங்கில எழுத்தில் தட்டிக் கப்பலுக்கு அனுப்புவேன். ஆக, போகிற சொல்லும் வருகிற சொல்லும் என் விரலைத் தொட்டுத்தான் போக வேண்டும். ஒரு மனிதனை நம்பி இப்படியொரு வேலையை விட்டால் அவன் கொஞ்சம் திருத்தத்தான் செய்வான். திருத்தாமல் விடுகிறவனை நான் இன்னும் காணவில்லை.

மெல்ரொன் எங்கள் கரைப் பிள்ளை. போகும்போது இருபத்தேழு வயது. அவனுடைய தாய் புனிதத்தை நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் இல்லை, இரண்டு வளவு தள்ளி வளர்ந்த பழக்கம். தகப்பனைக் கடல் கொண்டுபோய் நாளாகிவிட்டது. மூத்தவன் யோசெப் 2009 யுத்தத்தில் போனான். மிஞ்சியது இவன் ஒருவன். 2021 ஆவணியில் கணவாய் மீன் பிடிக்கும் கப்பல் ஒன்றில் ஏறப் புறப்பட்டவன், என் அலுவலகத்துக்கு வந்து, கதிரை இருந்தும் நின்றபடியே சொன்னான்.

"அண்ணா, நான் ஏதும் கரைச்சலை எழுதினால் அம்மாவுக்கு அதை மாத்தி எழுதிவிடுங்கோ. அவாக்குப் பிறசர்."

"ஓம், நான் பாத்துக்கொள்ளுறன்," என்றேன்.

நான் கொடுத்த வாக்கு இதுதான். அதில் இருந்து இம்மியும் விலகவில்லை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

முதல் ஏழு மாதத்தில் அவனிடமிருந்து ஐந்து கடிதங்கள் வந்தன. நல்ல பகிடிக்காரன். கணவாய் என்ற சொல்லைக் கேட்டாலே இனிக் கடலில் குதித்துவிடுவேன் என்று எழுதினான். அதை அப்படியே கொடுத்தேன். மாமி அதற்குப் பிறகு சந்தையில் கணவாய் வாங்குவதையே நிறுத்திவிட்டாராம். இன்னொரு கடிதத்தில், சோற்றுக்குள் சோறு மட்டும்தான் இருக்கிறது, காய் கறி கண்டு மூன்று மாதம் என்று எழுதினான். அதைச் 'சாப்பாடு பரவாயில்லை' என்று மாற்றினேன்.

இனிச் சேர்வர் கதை. நீங்கள் விளங்காமல் தலையாட்டக் கூடாது என்பதால் மெதுவாகச் சொல்கிறேன். கிளிநொச்சியில் ஒரு சேர்வர், முள்ளியவளையில் ஒரு சேர்வர். இரண்டும் வெளியே ஒரே பெயரில் நிற்கும். இதைக் கிளஸ்டர் என்போம். ஒன்று விழுந்தால் மற்றது அதே பெயரில், அதே முகவரியில் எழும்பி வேலையைத் தொடரும். கடிதம் எழுதுகிறவருக்கு எது விழுந்தது, எது பதில் சொல்கிறது என்று தெரியவே தெரியாது. தெரியக் கூடாது. அதுதான் அந்த வேலையின் அழகு.

விழும்போது எல்லாம் தனித்தனியாக ஓடினால் குழப்பம். ஒரு குசினியை அடுத்த வீட்டுக்கு மாற்றுவதென்றால் அடுப்பையும் சட்டியையும் அகப்பையையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். அப்படி, சேர்ந்து எழும்ப வேண்டியவற்றை ஒரு குழுவாகக் கட்ட வேண்டும். நான் மூன்று குழுக்கள் கட்டினேன். முதலாவது தலைமை அலுவலகத்தின் கடிதங்கள். இரண்டாவது எங்களுக்கு உதவி தரும் நிறுவனங்களோடு எழுதும் கடிதங்கள். மூன்றாவதற்குக் 'கடல்' என்று பெயர் வைத்தேன், கப்பல்களின் கடிதங்கள். முள்ளியவளையில் இருந்தது பழைய இயந்திரம், மூன்றையும் சுமக்க அதற்கு மூச்சு இல்லை. அதனால் முதல் இரண்டும் தாமாக எழும்பும்படி வைத்தேன். கடலை மட்டும் நான் கையால் எழுப்பினால்தான் எழும்பும் என்று வைத்தேன். கப்பல் கடிதம் மாதத்தில் ஒன்று, இரண்டு. ஒரு நாள் பிந்தினால் யாருக்கு என்ன. எந்தப் பொறியியலாளரிடம் காட்டினாலும் சரியென்றுதான் சொல்வார்.

2022 பங்குனிக் கடைசி உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கரண்ட் நாளுக்குப் பத்து மணித்தியாலம் இல்லை, ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. சனிக்கிழமை கிளிநொச்சிச் சேர்வர் விழுந்தது, கரண்ட் வந்து வந்து போனதால் வெள்ளிவரை அதை எழுப்பவில்லை. முள்ளியவளையில் கூரையில் சூரியத் தகடு இருந்ததால் அங்கே முதல் இரண்டு குழுக்களும் அழகாக எழும்பின. கடல் எழும்பவில்லை, வரும் கப்பல் கடிதங்கள் வாசலில் வரிசையாகக் காத்து நின்றன. நான் எழுப்பியிருக்கலாம். எழுப்பினால் பழைய இயந்திரம் திணறி மற்ற இரண்டையும் இழுத்து விழுத்தும். அந்த வெள்ளிக்கிழமை உதவி நிறுவனத்தின் ஆட்கள் கொழும்பில் இருந்து வருகிறார்கள். இந்தக் கரண்ட் வெட்டுக்குள்ளும் எங்கள் சேவை நிற்கவில்லை என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

"றொனால்ட், வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு பிழையும் வரக்குடாது," என்று சுதாகரன் ஐயா சொல்லியிருந்தார்.

ஒரு பிழையும் வரவில்லை. வெள்ளிக்கிழமை முற்பகல் கிளிநொச்சியில் கரண்ட் இருந்த நேரத்தில், முதல் இரண்டு குழுக்களையும் அங்கே திரும்ப ஓடவிட்டு, வந்தவர்களுக்கு முன்னால் நானே வயரைப் பிடுங்கினேன். நாற்பது விநாடியில் முள்ளியவளை எழும்பியது. கை தட்டினார்கள். தேத்தண்ணியும் பற்றிசும் கொடுத்தோம். புதிய இயந்திரம் ஒன்று தருவதாக அங்கேயே சொல்லிவிட்டுப் போனார்கள். பின்னேரம் கடல் குழுவைக் கையால் எழுப்பினேன். கப்பல் ஏஜென்சியின் கடிதம் உள்ளே வந்து விழுந்தது. மெல்ரொன் அன்று மத்தியானம் இறந்துவிட்டான் என்று இருந்தது.

கால் வீங்கி, பிறகு நெஞ்சு வீங்கி, மூச்சு நின்றதாம். காய் கறி இல்லாமல் வெறும் சோற்றைத் தின்று வருகிற வருத்தம் என்று பிறகு தேடிப் படித்தேன். அவனை எனக்குக் கைக்குழந்தையாகத் தெரியும். என் நெஞ்சு வெடிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஏஜென்சி ஒரு பதில் கேட்டிருந்தது. துறைமுகத்துக்கு ஒன்பது நாள் ஓட்டம். உடலைக் குளிரறையில் வைத்துக் கொண்டுபோய்க் கரையில் ஒப்படைக்கலாம், ஊருக்கு அனுப்பலாம்; அல்லது கடலிலேயே அடக்கம் செய்யலாம். எது என்று தாயின் கையொப்பத்தோடு இரண்டு நாளுக்குள் எழுத வேண்டும். உடல் வந்தால் மரண விசாரணை வரும். விசாரணை வந்தால் எந்த நாளில் வருத்தம் தொடங்கியது, யாருக்கு அறிவித்தான் என்ற கேள்வி வரும். மாமி அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லுவார். அவர் அதைத் தாங்குவாரா. யோசித்துத்தான் செய்தேன். மெல்ரொனின் விண்ணப்பப் படிவத்தில் மாமியின் கையொப்பம் இருந்தது. அதை எடுத்து ஒட்டி, மகனைக் கடலிலேயே அடக்கம் செய்யுங்கள், எங்கள் குடும்பம் கடலால் வாழ்ந்த குடும்பம் என்று அவர் பெயரில் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்ததாகப் பதில் வந்தது. ஆம், ஐயா, நான்தான்.

மாமிக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு கிழமை நினைத்துக்கொண்டே இருந்தேன். டக்சாயினி தொலைபேசியில் கேட்டாள்.

"அண்ணா, மெல்ரொன்ர கடிதம் ஒண்டும் வரேல்லையோ? புனிதம் மாமி என்னைக் கண்ட இடமெல்லாம் மறிச்சுக் கேக்கிறா."

"வந்திருக்கு. மாத்தி அனுப்புறன்," என்றேன்.

அப்படி வந்ததுதான் என் முதல் கடிதம். பத்து வரி. வலை இழுத்துக் கை உரிந்துவிட்டது, வேறு குறை இல்லை என்று எழுதினேன். ஒன்று விழுந்தால் மற்றது எழும்பும்; அது எனக்குத் தெரிந்த ஒரே தொழில். ஒன்றோடு நிறுத்தலாம் என்றுதான் நினைத்தேன். மாமியின் பதில் வந்தது. 'என்ர குஞ்சு, கைக்கு எண்ணெய் பூசு, உப்புத் தண்ணியை வைக்காதை' என்று தொடங்கி இரண்டு பக்கம். அனுப்புவதற்குக் கப்பலில் ஆளில்லை. நானே அதை நாலைந்து தடவை வாசித்தேன். என் அம்மா 2009இல் மாத்தளனில் செத்தவர். அதற்குப் பிறகு என்னைக் குஞ்சு என்று கூப்பிட்டது யாருமில்லை. கைக்கு எண்ணெய் பூசினேன்.

மாதம் ஒன்று எழுதினேன். பத்தொன்பது மாதம், பத்தொன்பது கடிதம். சம்பளம் ஊர் திரும்பும்போதுதான் என்பது ஒப்பந்தம், அதனால் அந்த வழியால் சந்தேகம் வரவில்லை. இரண்டு வருடம் முடிந்தபோது, இன்னொரு வருடம் நிற்கச் சொல்லிக் கேட்டார்கள், ஓம் என்றுவிட்டேன் என்று எழுதினேன். அதற்கு மாமி எழுதிய பதிலில் எழுத்து அங்கங்கே கலங்கியிருந்தது. பரவாயில்லை அப்பு, உடம்பைப் பார் என்று எழுதியிருந்தார். அன்றைக்கு நான் வேலை செய்யவில்லை.

நீங்கள் எங்களைப் போலக் கத்தோலிக்க வேதக்காரர் இல்லையென்றால் ஒன்றை விளக்க வேண்டும். எங்களில் உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்புக்கொடுக்கும் பூசை வேறு, செத்தவனுக்கு ஒப்புக்கொடுக்கும் பூசை வேறு. செத்தால் முப்பத்தோராம் நாள் பூசை, வருடப் பூசை, கார்த்திகை இரண்டாம் திகதி கல்லறைத் திருநாளில் பெயர் சொல்லி மன்றாட்டு. அது இல்லாவிட்டால் ஆன்மா வழியில் தவித்து நிற்கும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. மாமி மாதா மாதம் பூசை ஒப்புக்கொடுத்தார். 'கடலில் தொழில் செய்யும் மகன் மெல்ரொனின் சுகத்துக்காக' என்று. ஊருக்குப் போன ஞாயிறுகளில் அதைச் சுவாமியாருக்குத் துண்டில் எழுதிக் கொடுத்தவனும் நான்தான், அவர் கோயிலுக்குக் கண்ணாடி கொண்டுவர மாட்டார் என்பதால். சுவாமியார் அதை வாசித்தபோது, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று எல்லாரோடும் சேர்ந்து சொன்னேன். எனக்கு அது நெருடவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வாயை மூடிக்கொண்டு நின்றால் பக்கத்தில் நிற்கிற மாமி என்ன நினைப்பார்.

ஏஜென்சியில் இருந்து அவனைப் பற்றி வரும் எதையும் டக்சாயினி காணாமல் ஒரு தனிப் பெட்டிக்குள் தள்ளும்படி மரணச் செய்தி வந்த அன்றே கிளிநொச்சிச் சேர்வரில் ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். அந்த விதியைக் கடல் குழுவுக்குள் கட்டவில்லை. கட்டினால் பட்டியலில் மற்றவர்களுக்கும் தெரியும். இதற்கிடையில் முள்ளியவளைக்குப் புதிய இயந்திரம் வந்துவிட்டது. மூன்று குழுக்களும் தாமாக எழும்பட்டும் என்று சுதாகரன் ஐயா சொன்னார். நானே அப்படி வைத்தேன். அடுப்பும் சட்டியும் போகும், மூடி மட்டும் பழைய வீட்டிலேயே கிடக்கும் என்பது எனக்குத் தெரியாதா. தெரியும். எப்படியும் நான் பக்கத்தில்தானே இருப்பேன் என்று நினைத்தேன்.

2023 கார்த்திகையில் எனக்கு டெங்கு. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். மூன்றாம் திகதி, வெள்ளிக்கிழமை, மழையில் கிளிநொச்சிச் சேர்வர் விழுந்தது. முள்ளியவளை எழும்பியது, சொல்லிவைத்தபடி நாற்பது விநாடிக்குள். அன்றைக்கென்று ஏஜென்சி தன் கோப்பை மூடப்போவதாகவும், 'காலஞ்சென்ற மெல்ரொனின் பொருட்களை' எந்த முகவரிக்கு அனுப்புவது என்றும் கேட்டு எழுதியிருந்தது. அது நேராக டக்சாயினியின் கணினிக்குப் போனது. அவள் எனக்கு எடுத்துக் கேட்கவில்லை. கப்பலில் இருந்து அவன் பெயரில் எத்தனை கடிதம் வந்தது என்று பதிவைப் பார்த்திருக்கிறாள். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மாமியிடம் போயிருக்கிறாள்.

மாமி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்கள் பார்க்கிற நேரத்தில் வாட்டுக்கு வந்தார். வெள்ளைச் சீலை. கையில் ஒரு சீலைக்கடைப் பை. நான் எழும்பப் பார்த்தேன்.

"எழும்பாதை. படு," என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். சேலைன் ஏறிக்கொண்டிருந்த என் கையைப் பூப்போல எடுத்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த இடத்தில் பையை வைத்தார். "என்ன நாள்?"

"சித்திரை முதலாந் திகதி, மாமி. போன வரியம். வெள்ளிக்கிழமை."

"என்ன நேரம்?"

"மத்தியானம்."

அவர் விரலை மடித்து எண்ணிப் பார்த்தார்.

"தபசுகாலம். அண்டைக்குச் சிலுவைப் பாதைக்குப் போனனான். அவன்ர சுகத்துக்குத்தான் முழந்தாளில நிண்டு மண்டாடினனான்." பிறகு சொன்னார்: "வியாழக்கிழமை கல்லறைத் திருநாள். மனிசனுக்கும் மூத்தவனுக்கும் மெழுகுதிரி கொளுத்தினன். இவனுக்குக் கொளுத்தேல்லை, றொனால்ட். போன வரியமும் கொளுத்தேல்லை. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு ஆர் மெழுகுதிரி கொளுத்துவினம்?"

அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர், தாயும் மகனும் என்று நினைத்து மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"கடலில போட்டதாம். என்ர கையெழுத்து இருக்காம் எண்டு டக்சாயினி சொன்னவள். நான் வைக்கேல்லை எண்டு அவளுக்குச் சொல்லிப்போட்டன்." இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு நீ ஒரு ஞாயமும் சொல்ல வேண்டாம். கப்பலில இருந்து வந்தது எட்டுக் கடிதமாம். இதில இருபத்தினாலு கிடக்கு. என்ர பிள்ளை எழுதின எட்டையும் பிரிச்சுத் தா. மிச்சத்தை நீ எடு."

இதுவரை சொன்னதெல்லாம் டக்சாயினியின் முறைப்பாட்டிலும் இருக்கிறது. இனிச் சொல்லப்போவது அவளுக்குத் தெரியாது.

எட்டு என்ற கணக்குச் சரி. ஆனால் மாமியின் பைக்குள் அவன் எழுதியவை ஐந்துதான் இருந்தன. மற்ற மூன்றும் வாசலில் காத்து நின்றவை. கடல் குழு விழுந்து கிடந்த அந்தக் கிழமை ஞாயிறு ஒன்று, செவ்வாய் ஒன்று, புதன் ஒன்று. மூன்றும் எனக்கு எழுதியவை. கால் வீங்கிவிட்டது அண்ணா, நடக்க முடியவில்லை, கப்டன் நடிக்கிறேன் என்கிறார் என்று முதலாவது. இரண்டாவதில் ஒரு வழி சொல்லியிருந்தான். வியாழக்கிழமை கணவாய் ஏற்ற ஒரு பெரிய கப்பல் வருகிறது, அதில் டொக்டர் இருக்கிறார், ஏஜென்சி சொன்னால் கப்டன் என்னை அதில் ஏற்றுவார், ஏஜென்சிக்கு ஒரு வரி எழுதுங்கோ. மூன்றாவது ஒரே வரி. 'அண்ணா பாத்தனீங்களோ.'

பார்த்தேன். புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, வரிசையில் என்ன நிற்கிறது என்று திறந்தபோது மூன்றையும் வாசித்தேன். பெரிய கப்பல் வருவதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. ஏஜென்சிக்கு ஒரு வரி எழுத இரண்டு நிமிடம் போதும். ஆனால் அந்த வரியின் பிரதி சுதாகரன் ஐயாவுக்கும் போகும். ஞாயிறு வந்த கடிதத்தை ஏன் புதன் பார்த்தாய் என்பார், கடல் குழு ஏன் விழுந்து கிடக்கிறது என்பார். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. வெள்ளி முடியட்டும், ஒழுங்காக எழுப்பி ஒழுங்காக அனுப்புவோம் என்று நினைத்தேன். கடலில் இருக்கிற பிள்ளைகள் வருத்தத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். வியாழன் முழுவதும் வயர்களுக்குப் பெயர்த் துண்டு ஒட்டினேன். வியாழன் பின்னேரம் அந்தப் பெரிய கப்பல் வந்து, ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

அந்த மூன்றையும் நான் அழிக்கவில்லை, அந்தத் தனிப் பெட்டிக்குள் கிடக்கின்றன. பெட்டியின் கடவுச்சொல்லை எழுதித் தருகிறேன். ஆனால் அவற்றை மாமியின் கையில் எப்படிக் கொடுப்பது. அம்மாவுக்குக் கரைச்சலைக் காட்டாதையுங்கோ என்று சொன்னவன் அவன். அதனால் கட்டிலில் படுத்தபடியே ஒவ்வொரு தாளாக எடுத்துப் பிரித்தேன். அவனுடைய ஐந்தையும் எடுத்து வைத்தேன். பிறகு என்னுடைய பத்தொன்பதில் இருந்து மூன்றை எடுத்து அவற்றோடு சேர்த்தேன்.

"இது பிறகு வந்ததெல்லோ?" என்று மாமி ஒன்றைத் தொட்டுக் கேட்டார். அவருக்கு ஒழுங்கு மறக்கவில்லை.

"எழுதினது முதலே, மாமி. சேர்வரில சிக்கிக் கிடந்தது. நான்தான் பிந்தித் தந்தனான்."

பிந்தியது உண்மை. மாமி எட்டையும் எண்ணினார். இரண்டாம் தடவையும் எண்ணினார். மற்றப் பதினாறையும் என் போர்வைக்கு மேல் வைத்தார்.

"இதில கடைசியா எழுதினது எது?"

எடுத்துக் கொடுத்தேன். சின்ன வயதில், இடம்பெயர்ந்திருந்த முகாமில் கொப்புளிப்பான் அம்மை வந்து கிடந்த நாட்களில், விசிறி இல்லாமல் கொப்பி மட்டையால் அம்மா பகல் முழுக்க முதுகுக்கு விசிறியதை நினைத்து எழுதிய கடிதம். அது என் அம்மா. மாமி அதை முதன்முதலாக வாசித்தபோது, தனக்கு அது மறந்தே போச்சு, பிள்ளை மறக்கவில்லை என்று பதில் எழுதியிருந்தார். இப்போது கண்ணாடியைப் போட்டு அதை இன்னொரு தடவை முழுவதும் வாசித்தார். வாசித்த பிறகுதான் அழுதார். சத்தம் வெளியே வராமல், சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதார். பிறகு அதை மடித்து, பைக்குள் போடாமல், சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழும்பினார். முப்பத்தோராம் நாள் பூசையை இப்போதாவது சொல்ல வேண்டும், அன்றைக்குக் கோயிலில் இந்தக் கடிதத்தை வாசிக்கச் சொல்லிச் சுவாமியாரைக் கேட்கப் போகிறேன் என்றார்.

கையொப்பத்துக்கும் அந்தப் புதன்கிழமைக்கும் என்ன தண்டனையோ அதைத் தாருங்கள், நான் மறுத்து ஒரு சொல் சொல்லமாட்டேன். அந்த எட்டை மட்டும் மாமியிடம் இருந்து வாங்கிச் சரிபார்க்க வேண்டாம், ஐயா. பொய்யென்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. நேரம் கிடைத்திருந்தால் அந்த மூன்றையும் மெல்ரொனே எழுதியிருப்பான்.